திருப்பி மாட்டிய கதவு

மார்ச் 4

அண்ணா,

இல்லை, கறையான் இல்லை. கறையான் அரித்தால் துளை இப்படி அளந்து வைத்ததுபோல் இருக்காது. நான்கு துளைகள், ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளில். மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, மேலே அதே நிறத்தில் சாயம் பூசியிருக்கிறார்கள். நன்றாகவே பூசியிருக்கிறார்கள். காலை வெயில் நடைவழிக்குள் சாய்ந்து விழும் பத்து நிமிடத்தில்தான் தெரிகிறது.

மூன்றாம் அறையின் நிலையில். வெளிப்பக்கம். என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில்.

போனில் கேட்டபோது "கறையானா இருக்கும், விடு" என்றாய். அடுத்த மூச்சில் இங்கே மழை உண்டா என்று கேட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் பேச்சை மாற்றுவது கொஞ்சம் கஷ்டம்.

நான் இன்னும் நம் வீட்டைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருப்பதாக நீ நினைக்கிறாய். நகராட்சி இந்த வீட்டை அருங்காட்சியகமாக்கியபோது என்னைப் பொருள் பதிவாளராக எடுத்தார்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் எண் போடுவேன், அளப்பேன். சுவரில் மாட்டும் விளக்கப் பலகைக்கு வாசகம் எழுதுவேன். தாத்தா இலவசப் பள்ளி நடத்திய முன்கூடம் முடிந்துவிட்டது. கரும்பலகை, பெஞ்சுகள், அவர் மூக்குக்கண்ணாடி. ஜூலை ஐந்தாம் தேதி திறப்பு. மிச்சம் இருப்பது மூன்றாம் அறை.

நீ தந்த குறிப்பில் அது 'விருந்தினர் அறை'. தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது, சரி. ஆனால் கதவின் உச்சியில். படுக்கப் போகிற விருந்தாளி எதற்காக எக்கி நின்று தாழ் போட வேண்டும்?

இன்னொன்று. நடைவழியைப் பார்த்த பக்கத்தில், தரையிலிருந்து இரண்டரை அடி வரை மரம் வழுவழுப்பாக இருக்கிறது. மற்ற இடமெல்லாம் சொரசொரப்பு. காப்பாட்சியர் அம்மா அதைத் தடவிப் பார்த்து, "அந்தக் காலத்து இழைப்பே தனி" என்று உருகினார். நேற்று ஆள் இல்லாத நேரத்தில் அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பார்த்தேன்.

அளவு சரியாக இருந்தது.

நடைவழியில் யார் அப்படி உட்கார்ந்திருந்தார்கள், அண்ணா? எத்தனை வருடம் உட்கார்ந்தால் மரம் இப்படித் தேயும்?

பாப்பா


மார்ச் 19

பாப்பா,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம். சின்னவளுக்குப் பத்து வயது முடிந்தது. வகுப்பில் கொள்ளுத்தாத்தாவின் பள்ளியைப் பற்றிப் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறாள். திறப்பு விழாவுக்கு அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டேன். பெட்டியை இப்போதே அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

கதவு விஷயம். நூறு வருட வீடு. எத்தனை பேர் எத்தனை ஆணி அடித்தார்களோ. நான் பாலங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கிறவன். ஒரு துளையைப் பார்த்ததும் கதை கட்டினால் என்னை வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள். நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். எறும்பு வரிசை போனால் பின்னாலேயே போய்ச் சாப்பாட்டை மறப்பாய்.

நடைவழியில் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். தாத்தா கண்டிப்பானவர். வகுப்பை விட்டு வெளியேற்றியிருப்பார். அதற்கெல்லாமா பலகை வைப்பாய்?

விருந்தினர் அறை என்றே எழுது. விருந்தினர் வந்தார்கள், தங்கினார்கள், போனார்கள். பொய் இல்லை.

தூசியில் முகமூடி போட்டுக்கொள். உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

புதுப்பிப்பு வேலை பார்த்த தச்சரைக் கூப்பிட்டு அனுப்பினேன். கதவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "நான் அன்னிக்கே நினைச்சேம்மா" என்றார்.

"என்ன நினைச்சீங்க?"

"யாராவது ஒருநாள் கூப்பிட்டுக் கேப்பாங்கன்னு. இந்தக் கதவு திருப்பி மாட்டினது. தாழ்ப்பாள் வெளிய இருந்துச்சு. உங்கண்ணன் வெளிநாட்டுலருந்து போன் பண்ணி, 'யாரோ தப்பா மாட்டியிருக்காங்க, திருப்பிச் சரி பண்ணிடுங்க'ன்னார். சரின்னு திருப்பிட்டு, நிலையில தாழ்க் கொண்டி இருந்த துளைகளையும் அடைச்சுட்டேன். எந்த முட்டாள் படுக்கிற அறைக்கு வெளிய மட்டும் தாழ்ப்பாள் வைப்பான்?"

"அப்ப தப்பாத்தான் மாட்டியிருந்தாங்களா?"

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். மறுபடி செருகினார்.

"தப்பா மாட்டின தாழ்ப்பாளை யாரும்மா தினம் உபயோகிப்பா? அது தேஞ்சிருந்துச்சு. கம்பி பாதியா இளைச்சிருந்துச்சு. உங்கண்ணன் படிச்சவர், பாலம் கீலமெல்லாம் பாக்கிறவர். நான் என்னத்தைச் சொல்ல?"

ஆக, வழுவழுப்பான பக்கம் உள்பக்கம். நடைவழியில் யாரும் உட்காரவில்லை. உள்ளே உட்கார்ந்தார்கள். சாத்திய கதவில் சாய்ந்து.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அதனால் இதையும் எழுதுகிறேன். பொருள் எண் 118: பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் தாத்தாவுக்கு எழுதிய கடிதங்கள். அதில் ஒன்று: "என் மகன் நடைவழிக் கதவின் தாழை விளையாட்டாகத் திறந்துவிட்டான் என்று அவனை அடித்திருக்கிறீர்கள். உள்ளே இருந்த பெண் தெருவில் இறங்கி நடந்து போனதற்குச் சின்னப் பிள்ளை என்ன செய்வான்?" ஓரத்தில் தாத்தாவின் சிவப்பு மை: "கவனிக்கப்பட்டது. தாழ் மேலே மாற்றப்பட்டது."

கவனிக்கப்பட்டது.

அத்தைதானே?

அப்பா வருடத்துக்கு இரண்டு தடவை என்னை அத்தை இருக்கும் மனநல இல்லத்துக்கு அழைத்துப் போவார். அத்தைக்கு நரம்புத் தளர்ச்சி, அவளாகத்தான் இங்கே வந்து சேர்ந்தாள் என்பார். நான் நம்பினேன். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. நீ பிறந்திருந்தாய்.

கதவைப் பழையபடி திருப்பச் சொல்லப் போகிறேன். பலகையில் உள்ளதை உள்ளபடி எழுதப் போகிறேன்.

பாப்பா


ஏப்ரல் 15

பாப்பா,

நீ எழுத மாட்டாய்.

வீட்டை எழுதிக் கொடுத்தபோது நான் போட்ட நிபந்தனையை எடுத்துப் படி. பதினோராவது பிரிவு. விளக்கப் பலகைகளில் குடும்பத்துக்கு ஆட்சேபம் இருந்தால், வாசகத்தைத் தெரிவித்த முப்பது நாளுக்குள் மூத்த வாரிசு எழுத்தில் தெரிவிக்கலாம். தெரிவித்தால் அந்தப் பலகை கிடையாது. ஒப்பந்தப்படி மூத்த வாரிசு நான்.

நானூறு பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த மனிதர். அவர் பெயரில் தெரு இருக்கிறது. செத்து இருபது வருடம் ஆனவரைக் கூண்டில் ஏற்றி உனக்கு என்ன கிடைக்கப் போகிறது? அத்தைக்கு என்ன கிடைக்கும்? பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து அவள் அடைபட்டிருந்த அறையை எட்டிப் பார்ப்பதா? அதற்கு விருந்தினர் அறை எவ்வளவோ மேல்.

நீ அங்கே மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாய். அதை மறக்காதே.

அண்ணன்


ஏப்ரல் 17

பாப்பா,

முந்தாநாள் எழுதியதைக் கிழித்துப் போடு. போட மாட்டாய். எண் போட்டு வைப்பாய்.

தாழை மேலே மாற்றியபின் யாருக்கும் அந்தக் கதவருகே போகப் பிடிக்கவில்லை. அம்மா தட்டை உள்ளே தள்ளிவிட்டு வந்துவிடுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்துத் தெருவில் வேலை இருக்கும். தாத்தா என்னைக் கூப்பிட்டார். "நீ பொறுப்பானவன்" என்றார். ஒரு முக்காலி கொடுத்தார்.

எனக்கு ஒன்பது வயது. பள்ளி விட்டதும் நாலு மணிக்கு முக்காலியில் ஏறித் திறப்பேன். அவள் கொல்லையில் நடப்பாள். மதிலோரமாகவே, போவாள், வருவாள். ஐந்துக்கு உள்ளே போவாள். ஏறிச் சாத்துவேன். சில நாள் தலையைக் கலைத்துவிட்டுப் போவாள். "என்னடா ஜெயிலரு" என்பாள். சிரிப்பாள்.

அவள் செய்த குற்றம், நடந்தது. கல்யாணமாகி எட்டு மாதத்தில் திரும்பி வந்தாள். ஏன் என்று சொல்லவில்லை. காலையில் கிளம்பினால் சாயங்காலம் வருவாள். எங்கே போனாய் என்றால் "நடந்தேன்" என்பாள். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் நடக்கிற வீடு, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றார் தாத்தா. நான்கு வருடம்.

எனக்குப் பத்து வயதானபோது ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். மறுநாள் வந்துவிடுவதாக ஏற்பாடு. தெருக்கதவையும் கொல்லைக் கதவையும் பூட்டிக்கொண்டு, அவள் அறையை மட்டும் திறந்து விடுவது. சமையலறையில் சாப்பாடு மூடி வைத்திருந்தது, குடத்தில் தண்ணீர். வண்டி வாசலில் நின்றது. "அத்தை கதவைத் திறந்து விட்டுட்டு ஓடி வா" என்றார் அப்பா. போனேன். அம்மா ஏற்கெனவே திறந்திருந்தாள் போல. தாழ் விலகியிருந்தது. முக்காலியில் ஏறினேன். கைப்பழக்கம். சாத்திவிட்டு ஓடிவந்தேன்.

மழை. திரும்பும் வழியில் பாலம் மூழ்கிவிட்டது. மூன்றாம் நாள்தான் வந்தோம்.

ஜன்னல் கம்பிக்கு வெளியே டம்ளரை நீட்டி மழைத் தண்ணீர் பிடித்துக் குடித்திருக்கிறாள். கத்தியிருக்கிறாள். தெருவில் யாரும் வரவில்லை. அந்தச் சத்தம் அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. ஒரு வாரத்தில் இல்லத்தில் சேர்த்தார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் திறந்த பிறகு அம்மா சாத்திவிட்டாள் என்று அப்பா நினைத்தார், அம்மா நினைத்தாள் அப்பா என்று. நான் சொல்லவில்லை.

சின்னவளுக்கு இப்போது பத்து வயது. அந்தத் தாழைப் பார்த்து "இது எதுக்குப்பா?" என்று கேட்பாள். அதனால்தான் கதவைத் திருப்பச் சொன்னேன்.

கைப்பழக்கம்தான், பாப்பா. சின்னப் பையன்.

அண்ணன்


மே 6

அண்ணா,

உன் கடிதத்தை மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு இல்லத்துக்குப் போனேன்.

அத்தைக்கு அறுபத்தேழு. முட்டி போய்விட்டது. ஆனால் நடக்கிறார்கள், தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். நானும் கூட நடந்தேன். உட்கார்ந்து பேசலாம் என்றால் கேட்கவில்லை.

மூன்றாம் அறையைப் பற்றிப் பேச வந்தேன் என்றேன்.

"அந்த அறைக்கு என்ன இப்ப? மாலை போட்டுத் திறக்கப் போறீங்களாமே."

"பலகை எழுதணும் அத்தை. நான்தான் எழுதறேன். உங்களைக் கேக்காம எழுதக் கூடாதுன்னு வந்தேன்."

"முப்பத்தாறு வருஷம் கழிச்சு ஒருத்திக்காவது தோணுச்சே. படி."

படித்தேன். 'இந்த அறையில் ஒரு பெண் நான்கு ஆண்டுகள் அடைத்து வைக்கப்பட்டிருந்தார்.' எனக்கு அது நல்ல வாக்கியமாகத் தோன்றியிருந்தது. இரண்டு வாரம் அடித்து அடித்து எழுதினேன்.

அத்தை நின்றுவிட்டார்கள். "ஒரு பெண்ணா? யாரு அவ? ஊர்ல ஆயிரம் பொண்ணு இருக்கா. வழியில போனவளையா பிடிச்சு அடைச்சாங்க? நான் அவரோட மக. மகள்னு போடு. முன்னாடி ஊரான் பிள்ளைகளுக்குப் பாடம், பின்னாடி சொந்தப் பொண்ணுக்குத் தாழ்ப்பாள். அதைச் சொல்லாம என்ன பலகை?"

நான் குறித்துக்கொண்டேன்.

பிறகு நீ எழுதியதைச் சொன்னேன். சொல்லலாமா என்று உன்னைக் கேட்கவில்லை. கல்யாணம், முக்காலி, கைப்பழக்கம்.

அத்தை ஒரு முழு நடை நடந்து திரும்பினார்கள்.

"கைப்பழக்கமாமா?"

"அப்படித்தான் எழுதியிருக்கான்."

"சரி. அன்னிக்குக் காலையில அவன் புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்து காட்டினான். தொளதொளன்னு இருந்துச்சு. 'என்னடா, உங்கப்பா சட்டையா?'ன்னு சிரிச்சேன். மூஞ்சி சுண்டிப்போச்சு. அப்புறம் தாழ் விழுற சத்தம் கேட்டுச்சு. 'டேய், தெறந்துட்டுப் போடா, விளையாடாதே'ன்னேன். முக்காலியை விட்டு எறங்கலை அவன். நான் கதவுல காது வெச்சிருந்தேன், மூச்சு வாங்குறது கேக்குது. அப்புறம் எறங்கினான். போயிட்டான்."

நான் அங்கேயே நின்றேன். அத்தை நிற்கவில்லை.

"பலகையில அவன் பேரைப் போடாதே" என்றார்கள் முன்னால் நடந்துகொண்டே. "பத்து வயசுப் பையன் கையில முக்காலியைக் கொடுத்தது யாரு? அவரைப் போடு."

"அப்ப அண்ணனை மன்னிச்சிட்டீங்களா?"

"அதை அவன்ல வந்து கேக்கணும்? நீ யாரு நடுவுல, தபால்காரியா?"

அண்ணா, நான் எதை நம்புவது என்று உன்னைக் கேட்கவில்லை. அவர்கள் சொன்னதை, சொன்னபடி எழுதியிருக்கிறேன். என் வேலை அதுதான்.

ஆனால் இதை எழுதிவிட்டு என்னால் சாப்பிட முடியவில்லை. எனக்குச் சைக்கிள் கற்றுத் தந்தவன் நீ. பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி வருவாய். விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லுவாய், விட்டிருக்க மாட்டாய்.

பாப்பா


மே 20

பாப்பா,

அந்தக் குரலைக் கேட்டேன்.

சட்டை நீல நிறம். வண்டியில் போகும்போது, கொஞ்ச நேரம் பயப்படட்டும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வண்டியில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போனதும் சொல்லலாம் என்று நினைத்தேன். அங்கே போனபிறகு, ஏன் இவ்வளவு நேரம் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயம். நேரம் ஆக ஆகச் சொல்வது இன்னும் பெரிய குற்றமாகிக்கொண்டே போனது. மழை பெய்தபோது எல்லோரும் பந்தல் நனைகிறதே என்றார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கைப்பழக்கம் என்று நானே நம்பிப் பல வருடமாகிறது. உனக்கு எழுதும்போது பொய் சொல்கிறோம் என்றே தோன்றவில்லை. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

உன் அண்ணிக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

பலகையை மாட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன். மகள் என்று போட்டால் சின்னவள் விட மாட்டாள். யார் அடைத்தது, யார் திறந்தது, அப்போது நீ எங்கேப்பா இருந்தே என்று கேட்பாள். அவள் கேட்டால் நான் பொய் சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

ஆட்சேபப் படிவம் ஒன்று அனுப்பி வை. கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அதோடு முடியட்டும்.

அண்ணன்


ஜூன் 3

அண்ணா,

கேட்ட படிவம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி வைத்திருக்கிறேன். ஜூலை மூன்றுக்குள் வந்து சேர வேண்டும். வந்தால் பலகை கிடையாது. நான் சண்டை போட மாட்டேன். காப்பாட்சியர் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் வாசகத்தை இரண்டு முறை படித்தார். கதவருகே போய், இழைப்பு என்று முன்பு தடவிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்குச் சம்மதம், ஆனா ஒப்பந்தம் ஒப்பந்தம்" என்றார்.

நீ எதற்குக் கையெழுத்துப் போடுகிறாய் என்று தெரிந்து போட வேண்டும். அதனால் வாசகத்தை எழுதுகிறேன்:

'மூன்றாம் அறை. இந்தப் பள்ளியை நடத்தியவர் தம் மகளை இங்கே நான்கு ஆண்டுகள் அடைத்து வைத்திருந்தார். கணவர் வீட்டிலிருந்து திரும்பி வந்த அவர், தனியாக வெளியே நடந்து போய் வந்தார் என்பதே காரணம். கதவின் தாழ் வெளிப்பக்கம் உள்ளது. திறந்து மூடும் பொறுப்பு வீட்டிலிருந்த ஒரு குழந்தையிடம் கொடுக்கப்பட்டிருந்தது.'

கடைசி வரியை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "ம்" என்றார்கள். "குழந்தைன்னு போட்டது சரிதான்" என்றார்கள்.

சின்னவளைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அவள் உன் பிள்ளை. அவள் கேட்டால் நீ பொய் சொல்வாயா மாட்டாயா என்பதை நான் ஒரு பலகையை எடுத்துத் தீர்த்துவைக்க முடியாது.

பதினோராவது பிரிவை நீ சொன்னபடி எடுத்துப் படித்தேன். விளக்கப் பலகைகள் என்று மட்டுமே இருக்கிறது. கதவைப் பற்றி ஒன்றும் இல்லை.

இல்லத்தில் பார்வையாளர் நேரம் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. ஞாயிறு கிடையாது.

பாப்பா

[கோப்பு நகலின் அடியில், பென்சிலில்:]

அசல், படிவத்தோடு, இன்று காலை பதிவுத் தபாலில் சேர்த்தேன். பதினொரு மணிக்குத் தச்சர் வந்தார். அவர் கீலைக் கழற்றும்போது கதவு சாயாமல் இருக்க அடிப்பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.